மச்சான் தரையிறங்கிய வரலாறு

பிழைதிருத்துபவரின் மச்சான் தரையை விட்டு எழும்பத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, கடைத்தெருவில் கடைகள் திறக்கிற நேரத்தில். முதல் நாள் ஒரு விரற்கடை உயரம்தான். முடிதிருத்தும் கடைக்காரரான அவரே அதைக் கவனிக்கவில்லை. தரையில் சிதறிக் கிடந்த முடி செருப்பில் ஒட்டாததைச் சாயங்காலம் பார்த்துவிட்டு, புதுச் செருப்பின் தரம் என்று நினைத்துக்கொண்டார். மாதக் கடைசியில் அவர் காலுக்கும் தரைக்கும் நடுவே துடைப்பத்தை விட்டுப் பெருக்க முடிந்தது. அப்போதும் ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்குக் கால் தரையில் படவில்லை என்று ரொம்ப நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொன்னது நடந்திருக்கிறது, அவ்வளவுதான். இத்தனை தலைக்கனம் உள்ள மனிதர் எப்படி மேலே போக முடியும், எடை கீழே இழுக்காதா என்று தையல்காரர் மட்டும் ஒரு சந்தேகம் கிளப்பினார்.

காரணம் ஒரு சொல். வெட்டி முடித்ததும் மச்சான் கைக்கண்ணாடியைப் பிடரிக்குப் பின்னால் பிடித்து, எப்படி இருக்கிறது என்று கேட்பார். உட்கார்ந்திருப்பவர் தன் தலையைப் பார்ப்பார், பெருமூச்சை விழுங்குவார், "பரவாயில்லை" என்பார். அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். சொன்னவர், போனது போகட்டும், முடிதானே, வளர்ந்துவிடும் என்ற பொருளில் சொன்னார். கேட்டவர், நன்றாகவே அமைந்திருக்கிறது என்ற பொருளில் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு பரவாயில்லைக்கும் ஒரு நூல் உயர்ந்தார். உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பது சுலபம். கழுத்தருகே சவரக்கத்தி வைத்திருப்பவரிடம் கருத்துச் சொல்லும் பழக்கம் எந்த ஊரிலும் கிடையாது.

உயரம் கூடக் கூட வெட்டு கெட்டது. மேலேயிருந்து பார்ப்பவருக்கு உச்சந்தலை மட்டும்தான் தெரியும். காதோரமும் பிடரியும் கைக்கு எட்டவில்லை. எட்டாததை அவர் குத்துமதிப்பாக வெட்டினார். முதலில் நாற்காலியை மிதித்து மிதித்து உயர்த்தினார்கள். பிறகு அதன் அடியில் செங்கல் அடுக்கினார்கள். பிறகு வாடிக்கையாளர்கள் மேசைமேல் போட்ட நாற்காலிக்கு ஏணி வைத்து ஏறி, துணியைத் தாங்களே போர்த்திக்கொண்டார்கள். மின்விசிறி கழற்றப்பட்டது. சில வருடங்களில் ஊர் ஆண்கள் எல்லோருக்கும் ஒரே தலை. உச்சி மேசைபோல் தட்டை, இடது காதுக்கு மேலே ஒரு படி, வலது கிருதா பாதிக் கன்னம் வரை, இடது கிருதா இல்லவே இல்லை, பிடரியில் அறுக்க மறந்துபோன ஒரு துண்டு வயல். ரயிலில் வந்திறங்கிய வெளியூர்க்காரர்கள் பக்கத்தில் ஏதோ பெரிய சிறைச்சாலை இருப்பதாக நினைத்துப் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். வேறு ஊரில் வெட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் அந்த வெளியூர் வெட்டோடு மச்சானின் கடை வாசலைத் தாண்டிப் போகும் நெஞ்சுரம் யாருக்கும் இல்லை.

மச்சானுக்குத் தன் உயரத்தைப் பற்றிச் சொந்தமாக ஒரு விளக்கம் இருந்தது. கலை முற்றினால் உடம்பு லேசாகும் என்றார். கடைக்கு வெளியே இருந்த பலகையில் முதலில் 'முடிதிருத்தும் நிலையம்' என்றிருந்தது. பிறகு 'சிகை அலங்கார மாளிகை' ஆயிற்று. பிறகு 'சிகைச் சிற்பி' என்பதும் ஒட்டிக்கொண்டது. பலகை நீண்டுகொண்டே போய்ப் பக்கத்துத் தையல்கடை ஜன்னலையும் மறைத்தது. தையல்காரர் விளக்குப் போட்டுக்கொண்டு, பரவாயில்லை என்றார். அதற்கும் மச்சான் ஒரு நூல் உயர்ந்தார்.

பிழைதிருத்துபவரின் சங்கடம் தனிரகம். அச்சகத்தில் அடுத்தவர் எழுத்தில் குற்றம் கண்டுபிடிப்பதே அவர் தொழில். ஒற்றெழுத்து ஒன்று விழுந்திருந்தால் மூன்று பக்கம் தள்ளியிருந்தே மோப்பம் பிடிப்பார். ஆனால் வாயைத் திறந்து ஒருவரைக் குறை சொன்னதில்லை. உப்பில்லாத குழம்பைக்கூட வழக்கத்தைவிட மெதுவாகச் சாப்பிட்டுத்தான் தெரியப்படுத்துவார். மனைவியின் அண்ணன் கடையில் மாதாமாதம் முதல் தலை அவருடையது. ஊரிலேயே ஆழமான படி அவருடைய இடது காதுக்கு மேலேதான் இருந்தது. பெண் கொடுத்த வீடு என்று பொறுத்துக்கொண்டார்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். நகர்மன்றத் தலைவருக்கு யாரையாவது பாராட்டியாக வேண்டிய கட்டாயம் வந்ததுதான் வினை. தலைவர் ஒலிபெருக்கி இல்லாத இடத்தில் மூச்சுவிடவும் தயங்குகிற மனிதர். மச்சானுக்குச் 'சிகைச் சக்கரவர்த்தி' என்ற பட்டம் வழங்குவதென்றும், விழா மைதானத்தில் நடக்குமென்றும், எட்டுப் பேர் வாழ்த்திப் பேசுவார்களென்றும் அறிவித்தார். ஊரே கைதட்டியது. வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த மச்சானின் தங்கை, பிழைதிருத்துபவரின் மனைவி, மட்டும் கையை நிறுத்தினாள். கடைக்குக் கூரை இருக்கிறது, அண்ணன் தலை அங்கே இடித்து நிற்கும். மைதானத்துக்குக் கூரை கிடையாது.

"என்னங்க, எட்டுப் பேர் பேசினா அண்ணன் மேல போயிடுவாரு. அப்புறம் யாராவது அண்ணன் எங்கேன்னு கேட்டா, மேல போயிட்டாருன்னுதான் சொல்லணும். எந்த அர்த்தத்துலன்னு நான் ஒவ்வொருத்தருக்கா விளக்கிக்கிட்டு நிக்கணுமா?"

"நான் என்ன பண்ண முடியும்?"

"உண்மையச் சொல்லுங்க. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தப்பு கண்டுபிடிக்கறதுதானே உங்க வேலை. எங்கண்ணன் பண்ற தப்பு மட்டும் உங்க கண்ணுக்குத் தெரியாதா? உங்க தலையிலேயே இருக்கு."

மறுநாள் அவர் கடைக்குப் போனார். சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் செதுக்கிக்கொண்டே போனார். எழுவாயும் பயனிலையும் சரியாக இருந்தன. ஏணியேறி உட்கார்ந்தார். மச்சான் கூரையோடு முதுகு தேய்த்தபடி, கவிழ்ந்து படுத்த வாக்கில் வெட்டினார். வெட்டி முடித்து, "எப்படி இருக்கு மாப்ள?" என்று கேட்டார். பிழைதிருத்துபவரின் வாய் தானாகத் திறந்து, "பரவாயில்லை மச்சான்" என்றது. மேலே டங்கென்று ஒரு சத்தம். சுண்ணாம்பு உதிர்ந்து புதுப் படியின்மேல் விழுந்தது. வீட்டுக்கு வந்தவரைத் தங்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள். அதுதான் அவரைச் சுட்டது.

அன்று பிற்பகல் அச்சகத்தில் நகர்மன்றத் தலைவரின் விழாச் சிறப்புரை மெய்ப்புத் திருத்த வந்திருந்தது. 'கத்தரிக்கோலால் காலத்தையே வெட்டியவர்' என்று ஓர் இடம். தவறு என்று அடித்தால் தலைவர் அச்சக வாசலில் வந்து நிற்பார். வழக்கம்போல் அவர் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, 'தாங்கள் எண்ணியது இதுதானா?' என்று பணிவாக எழுதினார். எழுதியவர் பேனாவை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். முப்பது வருடமாகத் தலைக்கனம் பிடித்தவர்களை இந்த ஒரு கேள்வியால்தான் அவர் திருத்தி வந்திருக்கிறார். ஒருவர்கூடக் கோபித்ததில்லை. நீ தப்பு என்று அது சொல்வதில்லை. உன் எண்ணம் பெரியது, கை எங்கேயோ சறுக்கியிருக்கிறது, பார்த்துக்கொள் என்கிறது.

விழா நாளில் மச்சானைக் கூரை வழியாக வெளியே எடுத்து, இடுப்பில் கயிறு கட்டி, திருமண ஊர்வலப் பலூனைப் போல மைதானத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். கயிற்றின் மறுமுனையைத் தங்கை கையில் சுற்றிக்கொண்டாள். முதல் மூன்று பேச்சில் அவர் ஒலிபெருக்கிக் கம்பத்தைத் தாண்டினார். ஆறாவது பேச்சில் புளியமர உயரம். மேலேயிருந்து அவர் கையசைப்பது தெரிந்தது, முகம் தெரியவில்லை. நகர்மன்றத் தலைவர் எழுந்து, தன்னைப் பற்றி நீளமாகவும் மச்சானைப் பற்றி ஆவேசமாகவும் பேசத் தொடங்கினார். 'காலத்தையே வெட்டியவர்' என்றபோது கயிறு விண்ணென்று தெறித்தது. தங்கையின் குதிகால் தரையை விட்டது. அவள் கணவனைப் பார்த்தாள்.

பிழைதிருத்துபவர் மேடையேறி, மன்னிக்கணும் என்று சொல்லி, தலைவரின் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினார். அந்த ஊரில் அதுவரை யாரும் செய்யாத காரியம் அது. தலைவரின் வாய் அசைந்துகொண்டிருந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

"மச்சான், ஒரு சந்தேகம். உங்ககிட்ட கேட்டாத்தான் தெளியும்."

"கேளுங்க மாப்ள" என்று வானத்திலிருந்து வந்தது.

"என் இடது காதுக்கு மேல ஒரு படி இருக்கு. அது நீங்க எண்ணி வச்சதுதானா?"

மைதானம் அண்ணாந்து பார்த்தது. மச்சான் அகந்தை பிடித்தவர்தான். தொழிலில் பொய் சொல்கிறவர் அல்ல. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கீழே தெரிந்த அந்தத் தலையைப் பார்த்தார். பக்கவாட்டிலிருந்து ஒரு தலையை அவர் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. மாப்பிள்ளை தலையைச் சாய்த்துக் காட்டினார்.

"இல்ல மாப்ள" என்றார் மச்சான். "அது கை எட்டாததால வந்தது."

அவர் ஓர் ஆள் உயரம் இறங்கினார். தங்கையின் கால் மண்ணில் பட்டது.

ஊருக்குத் துணிச்சல் வந்துவிட்டது. தையல்காரர் துள்ளியெழுந்து, கண்றாவி, வெறும் கண்றாவி, என் ஜன்னலையும் அடைச்சுட்டாரு என்று கத்தினார். மச்சான் கல்லைப் போல விழத் தொடங்கினார். நல்லவேளையாக, "கேள்வியாக் கேளுங்க!" என்று பிழைதிருத்துபவர் போட்ட அதட்டலில் தையல்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஐயா, என் கிருதா ஒரு பக்கம் மட்டும் இருப்பது தங்கள் யோசனைதானா என்று திருத்திக் கேட்டார். மச்சான் பாதி வழியில் நின்று, இல்லை, மறந்துவிட்டேன் என்றார். அதற்குப் பிறகு வரிசை ஒழுங்காக நடந்தது. தபால்காரர் பிடரியைத் திருப்பிக் காட்டினார். பள்ளி ஆசிரியர் தொப்பியைக் கழற்றினார். அவருக்குத் தலை உண்டென்று மாணவர்கள் அன்றுதான் அறிந்தார்கள். கேள்விக்கு ஒரு முழமாக, மரியாதைக்குக் குறைவில்லாமல், ஊர் அவரை இறக்கியது. கடைசிச் சாணில் மச்சான், "இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். "பரவாயில்லைன்னு சொன்னோமே" என்றார்கள் எல்லோரும். அந்தச் சொல்லின் இன்னொரு முகத்தை மச்சான் முதல்முறையாகப் பார்த்தார். செருப்பு மண்ணில் பதிந்தது. மைதானம் போட்ட கூச்சலில் மரத்துக் காக்கைகள் பக்கத்து ஊருக்குப் போய்விட்டன.

தங்கை அண்ணன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள். மச்சான் முதல் வேலையாக நகர்மன்றத் தலைவரிடம் போய்க் கைகூப்பினார். "ஐயா, உங்க பேச்சோட நீளம் நீங்க எண்ணி வச்சதுதானா?" அப்போது தலைவருடைய பூட்ஸ் இரண்டும் மேடைப் பலகையில் தொப்பென்று விழுந்த சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. அதுவரை அவையும் பலகையைத் தொடவில்லை என்பதை யாரும் கவனித்திருக்கவில்லை.

பட்டம் வழங்கப்படவில்லை. மறுநாள் பலகை பாதியாக அறுக்கப்பட்டது. தையல்காரர் விளக்கை அணைத்தார். செங்கலை எடுத்து, நாற்காலியைத் தரையில் போட்டு, மச்சான் மாப்பிள்ளையை உட்கார வைத்து, இரண்டு பக்கமும் நடந்து நடந்து, குனிந்து, காதை மடக்கிப் பிடித்து வெட்டினார். கைக்கண்ணாடியைப் பிடரிக்குப் பின்னால் பிடித்தார். இடது பக்கம் ஒரு நூல் கூடுதலோ என்று மாப்பிள்ளை கேட்டார். ஆமாம் என்று எடுத்துவிட்டார். பிறகு பிழைதிருத்துபவர் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். திருத்த ஒன்றும் மிச்சமில்லை.

"நல்லா இருக்கு மச்சான்."

மச்சான் பதறிப்போய் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தன் காலைப் பார்த்தார். கால் அசையவில்லை. செருப்பு முழுக்க முடி ஒட்டியிருந்தது. "அடுத்த ஆள்" என்றார்.