மாதா நீலம்

கற்பிட்டிக் கரையை விட்டு அரை மணி நேரம்தான் ஓடியிருப்போம். இஞ்சின் மறுபடியும் கொதித்தது. மூன்றாவது தடவை. பின்குழாயில் கடல் தண்ணீர் கொட்ட வேண்டிய இடத்தில் ஆவி வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மச்சான் அன்ரனிப்பிள்ளை வலையில் கையே வைக்கவில்லை. “லோறன்ஸ், இதுதான் கடைசி. இன்னொருக்காச் சூடானா நான் இன்னாசிப்பிள்ளையிட போட்டுக்குப் போறன்.”

அவன் போனால் என் போட் கரையில்தான். வடக்கில் சண்டை முடிந்தும் ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே வாங்கிய போட் அது. ஒற்றை ஆளாக வலை இழுக்க முடியாது. இந்த இஞ்சினை நம்பி வேறு எவன் ஏறுவான்?

ஊர்ந்து ஊர்ந்து கரை சேர்ந்தோம். மெதுவாக ஓடினால் சூடாகாது. அதுதான் இன்னும் எரிச்சல்.

மெக்கானிக் அபூசாலி நானா வந்தார். போன கிழமைதான் தண்ணீர்ப் பம்பை மாற்றி, குழாய்களைக் கழற்றி உப்பைச் சுரண்டியிருந்தார். “இஞ்சின் சரியா ஈக்கி தம்பி. தண்ணிதான் போதாம வருது. போட்டுக்கு அடியில தண்ணி ஏறுற ஓட்டய ஒருக்காப் பாருங்களே.”

“அடிக்கு என்ன? மாதா திருநாளுக்கு நானே ரெண்டு பூச்சு பெயின்ட் அடிச்சு, பங்குச் சுவாமி மந்திரிச்ச போட்! ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம். இனி இதில கால் வைக்காதீங்க!”

அவர் ஸ்பானர்களைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார்.

கழற்ற இனி ஒன்றும் மிச்சமில்லை. வேறு வழியின்றி ஸ்குரூ டிரைவரோடு போட்டுக்கு அடியில் முழுகினேன். தண்ணீர் உள்ளே போகும் சல்லடையைத் தடவினால் வழவழவென்றிருந்தது. முக்கால்வாசி ஓட்டையை அடைத்திருந்தது என் பெயின்ட்தான். மாதா நீலம் என்று தேடி வாங்கி, மினுங்கட்டும் என்று நானே அப்பியது. வெட்கத்தில் மேலே வரவே மனமில்லை.

ஸ்குரூ டிரைவராலும் நகத்தாலும் சுரண்டி எடுத்தேன். பிறகு முழு வேகத்தில் முக்கால் மணி நேரம் ஓட்டினேன். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. சூடு காட்டும் ஊசி அசையவில்லை.

கரையில் அன்ரனிப்பிள்ளை நின்றான். “என்னவாம் பிழை?”

“சொப்பிங் பேக் ஒண்டு அடைச்சிருந்தது.”

அவன் என் கையைப் பிடித்துத் திருப்பினான். நகமெல்லாம் நீலம்.

“நாளைக்கு நான் வாறன். ஆனா முதல்ல அபூசாலி நானாவிட்டப் போ. மேடை கோணல் எண்டு நீ கத்தினது கரை முழுக்கக் கேட்டது. இதையும் அப்பிடியே சத்தமாச் சொல்லு.”

நடந்தேன். கையை ஒளிக்க இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் பொக்கெற்றும் இல்லை.