சீர் லாரி

“கையெழுத்துப் போடாத மாப்ளைக்கு இந்த ஊட்டுல சோறு எதுக்கு? எலைய எடு!”

அப்பா செங்கோட்டையன் போட்ட சத்தத்தில், ரசம் ஊற்ற வந்த வசந்தாமணி கரண்டியோடு நின்றுவிட்டாள். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் அவள் கணவன் சென்னிமலை. நாமக்கல்லில் மாமனார் கூட்டாளிகளோடு நடத்தும் பைனான்ஸ் கம்பெனிக்கு அவன்தான் மேனேஜர். அவன் கையெழுத்தில்லாமல் யாருக்கும் கடன் கிடையாது.

வேலைக்கு வந்த வருஷமே சாராயக்கடை ஏலத்துக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தியவன் அவன். கூட்டாளிகள் கத்தினார்கள். பால் விற்கும் பெண்களும் தறிக்காரர்களும் அவனை நம்பி டெபாசிட் போட வந்தபிறகு அடங்கினார்கள். அப்புறம் ராசிபுரத்து ஆத்தாயியின் கதை. கம்பெனியில் கடன் வாங்கி அவளுக்குச் சீராகக் கொடுத்த லாரி புருஷன் பேரில் ஓடியது. அவளைப் பிறந்த வீட்டுக்கு விரட்டிவிட்டான். தவணையை மட்டும் அவள் அப்பா கட்டினார். அன்றிலிருந்து, சீர் லாரிக்குக் கடன் வேண்டுமென்றால் ஆர்.சி. புத்தகம் பெண் பேரில் இருக்க வேண்டும் என்று சென்னிமலை சொல்லிவிட்டான்.

இப்போது கேட்பது மாமனாரே. இளைய மகள் சௌந்திரத்துக்கு நிச்சயித்த மாப்பிள்ளை பேரில் லாரி. மாப்பிள்ளையின் அப்பா தீர்த்தகிரி, பதில் தெரியாமல் கை நனைக்கமாட்டேன் என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“சௌந்திரம் பேருல எழுதச் சொல்லுங்க மாமா. இப்பவே போடறேன்.”

“பொம்பள பேருல லாரியா?” வாசலிலிருந்தே சிரித்தார் தீர்த்தகிரி. “ஏனுங்க சம்பந்தி, ஸ்டேரிங்கையும் அவளே புடிப்பாளாமா?”

செங்கோட்டையனுக்கு முகம் கறுத்தது. “கேட்டீங்களா மாப்ளே? பெருசா நாயம் பேசறீங்களே, நீங்க உக்காந்திருக்கற சீட்டு ஏதுங்க? எம் பொண்ணுக்கு நான் சீராக் குடுத்த கம்பெனிப் பங்குதானே?”

சென்னிமலை குனிந்துகொண்டான். சொன்னது பொய்யில்லை.

“நெசந்தானுங்க மாமா. நான் வாங்கினதும் தப்புதான். நாளைக்கே அந்தப் பங்கை வசந்தா பேருக்கு மாத்தீர்றேன்.”

“பொட்டச்சி பேருல பங்கா! கூட்டாளிக காறித் துப்புவானுங்க!”

“எனக்குக் குடுத்ததுன்னு இப்பத்தானே சொன்னீங்கப்பா?” என்றாள் வசந்தாமணி. “அதுல எம் பேரு இருந்தா மட்டும் ஏன் துப்பறாங்க?”

“உள்ள போடி!”

அவள் போகவில்லை. எடுக்கச் சொன்ன இலையில் சோற்றைக் குழித்து ரசம் ஊற்றினாள்.

சமையலறைக் கதவோரம் நின்றிருந்த சௌந்திரம், ஒரு சொம்பு மோரோடு எல்லோரையும் தாண்டி வாசலுக்குப் போனாள்.

“வெயிலு நெம்ப அடிக்குதுங்க மாமா. மோரு குடிச்சுட்டுக் கெளம்புங்க,” என்றாள். “லாரி வராதுங்க. நானும் வரலீங்க.”