மேல் தொட்டித் தண்ணீர்

செவிலிமேட்டில் அந்த ஐந்து மாடிக் கட்டடம் எழும்பியபோது காஞ்சிபுரமே வேடிக்கை பார்க்க வந்தது. எழுபத்து நாலாம் வருஷம். பட்டு வியாபாரி தனசேகரன் பம்பாய்க்குப் போய்வந்து, அங்கே பார்த்ததைப் போலவே இங்கே ஒன்று கட்டினார். லிஃப்ட், மொசைக் தரை, குளிக்கப் பீங்கான் தொட்டி, திருகினால் கொட்டும் குழாய். வாடகைக்குக் குடிவந்த பதினைந்து குடும்பங்களில் நாங்களும் ஒன்று. என் வீட்டுக்காரர் ஜீவகுமாருக்கு பேங்கில் வேலை. ஐந்தாவது மாடிதான் வேண்டும் என்று அடம்பிடித்தது நான்.

சௌகரியம் இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பாலாற்றுக் காற்று ஜன்னல் வழியாக வந்து சமையலறை வரை போகும். அவ்வளவு உயரத்துக்குக் கொசு ஏறாது. காலையில் எழுந்தால் ஊரில் இருக்கிற கோபுரமெல்லாம் நம் கண்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும். கஷ்டமும் இருந்தது. கரண்ட் போனால் லிஃப்ட் அந்தரத்தில் நின்றுவிடும். கீரைக்காரி மேலே வரமாட்டேன் என்பாள், கயிற்றில் கூடை இறக்கினால் தனசேகரன் சத்தம் போடுவார். வடகம் காயவைக்க மொட்டை மாடியில் முறை வைத்திருந்தார்கள்; என் முறை எப்போதும் மேகம் மூடிய நாளில் வரும். எதிர் வீட்டில் இருப்பவர் பெயர் தெரிய எனக்கு மூன்று மாதம் ஆனது.

இதையெல்லாம் நான் சட்டை செய்யவில்லை. எனக்கிருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். மாகறலுக்கு அந்தப் பக்கம் களிமண்ணில் கால் புதைய நாற்று நட்டுக்கொண்டிருந்தவள் இவள் என்று அங்கே யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது. அதற்காக நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். லிஃப்டில் ஏறும்போது மட்டும் "எக்ஸ்கியூஸ் மீ" என்பேன். மூன்றாவது மாடி நீலாம்பாள் பட்டுக் கடைக்காரர் மனைவி. அவள் கட்டுகிற விதத்திலேயே நானும் புடவை கட்டினேன்.

அப்படி இருந்த வீட்டுக்குத்தான் அப்பா வந்தார். கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். ஒரு மாதம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொன்னதால் கூட்டி வந்தோம். அப்பாண்டை நயினார் என்று பெயர். நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் அப்பா வாயில் பருக்கை படாது. தரையைப் பார்த்துத்தான் நடப்பார், எறும்பு மிதிபட்டுவிடும் என்று. தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிக்கமாட்டார். நானும் அப்படி வளர்ந்தவள்தான். மாடிக்கு வந்த பிறகு விட்டுவிட்டேன். குழாயில் துணி தொங்கினால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. தன் பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து இரட்டையாக மடித்துக் குழாயில் கட்டினார். வடிகட்டி முடித்ததும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"குணா, இந்தத் தண்ணி எங்கேருந்துமா வருது?"

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வழக்கத்தில் வடிகட்டுவதோடு வேலை முடியாது. துணியில் தங்கியதும் உயிர்கள்தான். துணியைத் திருப்பிப் போட்டு, வடிகட்டிய தண்ணீரிலேயே அலசி, எங்கே மொண்டோமோ அங்கேயே திரும்ப விடவேண்டும். கிணற்றுத் தண்ணீரென்றால் கிணற்றில், குளமென்றால் குளத்தில். இடம் மாற்றி விட்டால் செத்துப்போகும் என்பார் அப்பா.

"மேல தொட்டியில இருந்துபா" என்று எரிச்சலோடு சொன்னேன். "இங்க அதெல்லாம் பாக்க முடியாது. சிங்க்ல ஊத்திடு."

அவர் சிங்கைப் பார்த்தார், தலையாட்டினார். சரி என்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அப்பா வந்த பன்னிரண்டாம் நாள் காலை மொட்டை மாடியில் சத்தம் கேட்டது. அந்த வாரம் கட்டடத்தில் நாலைந்து பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியுமாக இருந்தது. தொட்டியைப் பார்க்கலாம் என்று தனசேகரன் ஏறியிருக்கிறார். பின்னாலேயே வீட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேர். நானும் போனேன்.

சிமெண்டுத் தொட்டியின் ஏணியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். மூடி திறந்திருந்தது. கையில் கயிறு, கயிற்றின் நுனியில் சின்னச் செம்பு. மேலிருந்து கொட்டினால் உயிர்களுக்கு அடிபடும் என்று தண்ணீர்மட்டம் வரை செம்பை இறக்கி, மெதுவாகச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"யாருய்யா அது? குடிக்கிற தண்ணியில என்னாத்த ஊத்திக்கினு இருக்க?" என்று தனசேகரன் கத்தினார்.

அப்பா பதற்றமில்லாமல் இறங்கி வந்தார். "துணியில தங்கின பூச்சிங்க. எடுத்த எடத்துலயே வுடணுமில்ல" என்றார்.

"துணி அலசின தண்ணியவா? அதத்தான் இத்தன நாளா நாங்க குடிச்சிக்கினு இருக்கமா?" யாரோ ஓங்கரித்தார்கள். தனசேகரன் எங்கள் பக்கம் திரும்பினார். "இவரு எந்த வூட்டு ஆளு?"

நீலாம்பாள் என்னைப் பார்த்தாள். எதிர் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அப்பா முழங்கால் வரை ஏற்றிக் கட்டிய வேட்டியில், கண்ணாபரேஷன் கண்ணாடி மூக்கில் வழிய நின்றார்.

"எங்க வூட்டு வேலைக்காரரு" என்றேன். "ஊர்லேருந்து புதுசா வந்திருக்காரு. தெரியாம செஞ்சிட்டாரு."

யோசித்துச் சொல்லவில்லை என்று இன்றைக்குச் சொல்லித் தப்பிக்கலாம். யோசித்துத்தான் சொன்னேன். 'தூரத்துச் சொந்தம்' என்று சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்து, அதுவே அதிகம் என்று தள்ளினேன்.

"அப்படியாய்யா?" என்றார் தனசேகரன்.

அப்பா என்னை ஒரு முறை பார்த்தார். அந்தத் தடித்த கண்ணாடிக்குள் அவர் கண் பெரிதாகத் தெரிந்தது. பிறகு இடுப்பிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவர் யார் முன்னாலும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"ஆமாங்க. அந்த அம்மா வூட்டுலதான் வேல செய்றேன். மன்னிச்சிக்குங்கமா" என்றார் என்னிடம்.

படியிறங்கும்போது எனக்கு இரண்டு படி பின்னால் வந்தார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு அறை அறைந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். துணியை அவிழ்த்து மடித்துப் பையில் வைத்தார். "ஒனக்குத் தொந்தரவா பூடுச்சே" என்றார். மறுநாள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். ஜீவகுமார் கேட்டதற்கு, "ஊர் நெனப்பு வந்துடுச்சாம்" என்றேன். ஒன்று சொன்னால் அடுத்தது தானாக வருகிறது.

பத்து நாள் கழித்துத் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் விட்டார்கள். கீழே தண்ணீர் இறங்குகிற குழாய் வாயில் ஒரு புறா செத்து ஊறிக் கிடந்தது. செத்து ஒரு மாதமாவது இருக்கும் என்றார் ஆள். அப்பா வருவதற்கு முன்னாலேயே விழுந்திருக்கிறது. தனசேகரன் எங்கள் வீட்டுக்கே வந்து, "பெரியவர அநியாயமா பேசிட்டேன். திரும்பக் கூட்டியாந்துடுங்கமா" என்றார்.

அன்றைக்கே ஊருக்குப் போனேன். வாசலிலேயே அண்ணி சுகுமாரி பிடித்துக்கொண்டாள்.

"என்னா நடந்துச்சு அங்க? வந்தவரு ரெண்டு நாளு பச்சத் தண்ணியோட கெடந்தாரு. கேட்டா, பொய் சொல்லிட்டேன், அதுக்குத்தான்னாரு. என்னா பொய்யின்னு எவ்ளோ கேட்டும் சொல்லல."

அப்பா கிணற்றடியில் இருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. புறாவைப் பற்றிச் சொன்னேன். "ஐயோ பாவம்" என்றார், புறாவுக்காக.

"வாப்பா, போலாம். கண்ணு காட்டணுமில்ல. இனிமே யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

அவர் கயிற்றைச் சுருட்டி வைத்தார்.

"எனக்கும் ஆசதான்மா. அந்தக் காத்து நல்லா இருக்குது. ஆனா அங்க வந்தா, நான் ஒன் வேலக்காரன்னு தெனம் சொல்லணுமே. ஒரு தடவ சொன்னதுக்கே ரெண்டு நாளு பட்டினி. வயசாயிடுச்சுமா, தெனம் தாங்காது."

குத்திக்காட்டவில்லை. கணக்குப் பார்த்து, முடியாது என்று கண்டவர் போலத்தான் சொன்னார். நான் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் முகம் கழுவ வடிகட்டின தண்ணீர் கொடுத்தார்.

திரும்பி வந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. மூன்றாவது மாடியில் இறங்கி நீலாம்பாள் வீட்டுக் கதவைத் தட்டினேன். உட்காரக்கூட இல்லை.

"அக்கா, அன்னிக்கு மாடியில நின்னாரே, அவரு வேலக்காரரு இல்ல. எங்க அப்பா."

நீலாம்பாள் என் தோளைத் தொட்டு உள்ளே இழுத்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் ஒரு துளியும் இல்லை.

"தெரியும்மா. வந்த அன்னிக்கே வாட்ச்மேன் முனிசாமிகிட்ட, எம் பொண்ணு வூடு அஞ்சாவது மாடி, எம்மாம் ஒசரம் பாருன்னு பெருமையா சொல்லியிருக்காரு. அவன் எல்லார்கிட்டயும் சொன்னான். தனசேகரனுக்குத்தான் அப்ப தெரியாது. நீயே சொல்லுவேன்னு நாங்க பேசாம நின்னோம். அப்புறம் அவரும் ஆமாங்கன்னுட்டாரு. அதுக்கு மேல எங்களுக்கு வாய் வரல."

அந்த மாடியில் அத்தனை பேரும் தெரிந்துகொண்டேதான் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். யாரும் நம்பாத ஒரு பொய்க்காகத்தான் அப்பா இரண்டு நாள் பட்டினி கிடந்தார்.