புஷ்பவல்லி மிஸ்ஸி உபகாரச் சம்பளமும் சுகுமாறனின் சுண்டுவிரலும்

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தின் மேடைப் பதாகையில் சங்கத் தலைவர் டத்தோ மெய்யப்பன் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். யாருடைய நினைவாக விழாவோ, அந்த நர்ஸ் புஷ்பவல்லி மிஸ்ஸிக்கு அவருடைய முழங்கையோரம் ஒரு சிறு வட்டம் ஒதுக்கியிருந்தார்கள். வட்டம் சிறிதென்றாலும், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக மிஸ்ஸி பார்க்கும் பார்வை கடைசி நாற்காலிவரை எட்டியது. முன்வரிசையில் கேசரி தின்றுகொண்டிருந்தவர்கள் தட்டை நாற்காலிக்கு அடியில் தள்ளினார்கள்.

சங்கச் செயலாளர் சுகுமாறனுக்குக் கேசரியைப் பற்றிக் கவலையில்லை. அவருக்கு இரண்டு பயங்கள். ஒன்று மேடை சோபாவில் உட்கார்ந்திருந்தது. டத்தோவின் கிள்ளான் ஃபர்னிச்சர் கடையில்தான் சுகுமாறன் மேனேஜர். இன்னொன்று அவருடைய இடது ஷூவுக்குள் இருந்தது.

கிள்ளானில் இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதிக்காரர்கள் எல்லோரையும் மேய்த்தவர் மிஸ்ஸி. "கால நீட்டு. இது காலா, பாசார்ல விக்காத மீனா?" என்று அவர் கிளினிக்கில் போட்ட சத்தத்துக்குப் பயந்தே சுகுமாறன் சோற்றைக் குறைத்தார், கால் கழுவினார், ஒரு கட்டைவிரலைக் காப்பாற்றிக்கொண்டார். போன வருஷம் மிஸ்ஸி இறந்தபோது நிஜமாகவே அழுதார். மறுவாரமே ரொட்டி சானாய்க்குச் சீனி தொட்டுக்கொண்டார். இப்போது சுண்டுவிரலில் புண். ஓரம் கறுத்திருந்தது. டாக்டரிடம் போனால் வெட்டச் சொல்வாரோ என்று யாரிடமும் காட்டவில்லை. மனைவியிடம் ஷூ கடித்துவிட்டது என்று சொல்லியிருந்தார்.

போன வாரம், நர்ஸ் படிப்புக்கான உபகாரச் சம்பள நேர்காணலில் கடைசியாக இரண்டு பெண்கள் மிஞ்சினார்கள். ஒருத்தி ஸ்ருதி, டத்தோவின் தம்பி மகள். "சேவையே என் மூச்சு" என்று மனப்பாடம் செய்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். அடுத்தவள் ரவாங் ஊரைச் சேர்ந்த மாதவி, லோரி ஓட்டுநரின் மகள்.

"ஏம்மா நர்ஸ் ஆகணும்?" என்று டத்தோ தேநீரைக் கலக்கியபடி கேட்டார்.

"காலேஜ்ல எடம் கெடச்சிருச்சு அங்கிள். இந்த உதவி இல்லன்னா அடுத்த மாசமே கையுறை பேக்டரிதான்." பேச்சை நிறுத்திக் கரண்டியைப் பார்த்தாள். "அங்கிள், அது மூணாவது ஸ்பூன் சீனி."

கரண்டி அந்தரத்தில் நின்றது. பொருளாளர் கமலநாதன் சிகரெட் பெட்டியைச் சட்டைப்பையின் ஆழத்துக்கு அழுத்தினார். அவள் சுகுமாறன் பக்கம் திரும்பினாள்.

"கதவு தொறக்க வந்தப்ப ஏன் நொண்டுனீங்க? ஷூவக் கழட்டுங்க, பாப்போம்."

சுகுமாறன் காலை நாற்காலிக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

அவள் போனதும் டத்தோ கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "வாயாடி லா இந்தப் பொண்ணு! மிஸ்ஸி பேர்ல குடுக்கறதுன்னா ஒரு சாந்தம் வேணாமா?"

"ஆமா டத்தோ. மிஸ்ஸி பூ மாதிரி," என்றார் கமலநாதன். மிஸ்ஸி எதிரே வந்தால் சாக்கடையைத் தாண்டிச் சந்துக்குள் பாய்ந்தவர் அவர்.

"அப்ப ஸ்ருதிதான். என் தம்பி மகள்ங்கறதுக்காக இல்ல, பாத்துக்கோங்க."

"சேச்சே!"

அந்தப் பெயரைத்தான் சுகுமாறன் இப்போது அறிவிக்க வேண்டும். தாம் இல்லாவிட்டால் மிஸ்ஸி ஊசியே பிடித்திருக்கமாட்டார் என்கிற அளவுக்குப் பேசி முடித்த டத்தோ, ஒலிவாங்கியை நோக்கிக் கை காட்டினார். சுகுமாறன் எழுந்து நடந்தார். பாதி வழியில் சட்டென்று ஒன்று உறைத்தது. கால் வலிக்கவில்லை.

நேற்றுவரை வலித்தது. இப்போது சாக்ஸ் ஈரமாக இருந்தது. விரல் இருப்பதே தெரியவில்லை.

"வலிச்சா சந்தோஷப்படு. வலிக்கலன்னா எங்கிட்ட ஓடியா," என்று மிஸ்ஸி சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டதுபோல் இருந்தது. எங்கே ஓடுவது? எதிரே, நான்காவது வரிசையில், மாதவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உபகாரச் சம்பளம் பெறுபவர்..." என்று தொடங்கினார். "ரவாங், மாதவி."

முதலில் கைதட்டியது ஸ்ருதி. ரத்தத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தலை சுற்றும் என்பது வீட்டில் யாரும் கேட்டறியாத செய்தி.

"சுகு, என்னய்யா இது?" என்று டத்தோ கேமராவுக்காகச் சிரித்துக்கொண்டே பல்லிடுக்கில் கேட்டார். "நாளைக்குக் கடைப்பக்கம் வந்துராத."

மாதவி மேடையேறினாள். பலகை அளவுக் காசோலையின் ஒரு முனையை டத்தோ பிடித்திருந்தார். மறுமுனையை அவள் பிடிக்கவில்லை. சுகுமாறன் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், கழட்டுங்க."

"இங்கயாம்மா?"

"இங்கதான்."

சுகுமாறன் டத்தோவின் சோபாவிலேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் ஒட்டிக்கொண்டு வந்தது. மண்டபத்தில் கைதட்டல் அங்கங்கே அறுந்து நின்றது. மாதவி மண்டியிட்டுக் குனிந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகமும் வெளுத்திருந்தது.

"வலிக்குதா?"

"இல்லம்மா." சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"யார் கார் வாசல்லயே நிக்குது?"

எல்லோரும் டத்தோவைப் பார்த்தார்கள்.

"டத்தோ அங்கிள், சாவி."

டத்தோ வாயைத் திறந்தார். அவளைப் பார்த்தார். பிறகு, ஏனோ, பதாகையின் சிறிய வட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். காசோலையைக் கமலநாதனிடம் தள்ளிவிட்டுச் சட்டைப்பையைத் துழாவினார்.

"வெரல எடுத்துருவாங்களாம்மா?" என்று சுகுமாறன் அவள் தோளைப் பிடித்து எழுந்தார்.

"எனக்கென்ன தெரியும்? நான் இன்னும் காலேஜுக்கே போவல. இத்தன நாளு மறச்சு வெச்சிட்டு இப்ப கேள்வி கேக்குறீங்க! நடங்க மொதல்ல. அந்தக் கால ஊனாதீங்க!"

சுகுமாறன் நடுங்கிக்கொண்டே, ஊன்றாமல் நடந்தார்.