பட்டவள் சொல்ல வேண்டும்

என் அம்மாவைப் பார்த்துத்தான் நான் சிலம்பம் கற்றுக்கொள்ள வந்தேன் என்று எங்கள் ஊர் இலஞ்சியில் பாதிப் பேர் நம்புகிறார்கள். போன ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலை விட்டு வெளியே வரும்போது ஒரு சித்தி என் கன்னத்தைத் தட்டி, அம்மாவைப் போல நீயும் சேர்ந்துவிட்டாயாமே, நல்ல காரியம் என்றாள். நான் சிரித்தேன். பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருக்கும்போது வேறு என்ன செய்வது?

நான் சேர்ந்தது எட்டாம் வகுப்பில். இப்போது கல்லூரியில் முதல் வருஷம். அம்மா சேர்ந்தது போன வருஷம் குற்றாலச் சீசன் முடிந்த பிறகு. இந்தக் கணக்கை ஊரில் ஒவ்வொருத்தராகப் பிடித்து நிறுத்தியா சொல்ல முடியும்?

எங்கள் களம் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், மேலகரத்தில், ஓடாமல் கிடக்கிற ஒரு அரிசி ஆலைக்குப் பின்னால் இருக்கிறது. மாஸ்டர் கோமதிசங்கர் அண்ணனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பகலில் செங்கோட்டையில் டைல்ஸ் கடையில் நிற்பார், சாயங்காலம் எங்களுக்குக் கம்பு சொல்லித் தருவார். வகுப்பு முடிந்து வீடு திரும்ப இருட்டிவிடும். தனியாக ஸ்கூட்டியில் வரக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பா ஏசுவடியானுக்கு ஐந்தருவி ரோட்டில் பழக்கடை. மங்குஸ்தானும் ரம்புட்டானும் வந்து இறங்குகிற மாதங்களில் அம்மாவும் கடையில்தான் கிடப்பாள். சீசன் ஓய்ந்தால் அவளுக்கு வேலை குறைவு. அதனால் எனக்குத் துணையாக அவளை அனுப்பினார்.

துணைக்கு வந்தவள் துணைக்கு வந்தவளாக இருந்திருக்கலாம். காம்பவுண்டுச் சுவரில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா தங்கபுஷ்பம், ஒரு நாள் கொசு கடிக்கிறது என்று எழுந்தாள். மூலையில் கிடந்த ஒரு கம்பை எடுத்துச் சுற்றிப் பார்த்தாள். மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டார். அந்த வாரமே அவள் நெற்றி உயரத்துக்கு அளவெடுத்துப் பிரம்புக் கம்பு வெட்டிக் கொடுத்துவிட்டார். நான் சேர்ந்தபோது ஆறு மாதம் வெறும் கையோடு காலடி மட்டும் போட்டிருக்கிறேன். அப்புறம்தான் கம்பைத் தொடவிட்டார்கள். ஏன் இந்த ஓரவஞ்சனை என்று மாஸ்டரிடம் கேட்டேன். அக்காவுக்குக் கால் தானாக வருகிறது, நான் என்ன செய்ய என்றார்.

கால் மட்டுமா வந்தது? கம்பு வேகமாகச் சுற்றினால் காற்றில் ஒரு உறுமல் வரும். எனக்கு அது வர ரெண்டு வருஷம் ஆனது. அம்மாவுக்குக் கிறிஸ்துமஸுக்குள் வந்துவிட்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடியவள், பிறகு என் பழைய டிராக் பேண்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அது எனக்கு இருந்ததைவிட அவளுக்கு நன்றாக இருந்தது. இந்த வருஷம் சீசன் தொடங்கிய பிறகும், சாயங்காலமானால் கடையை அப்பாவிடம் விட்டுவிட்டுக் களத்துக்கு வந்துவிட்டாள். புது வருஷ ஆராதனையில் போதகர் ஐயர் பிரசங்கத்துக்கு நடுவே, இந்த வயதிலும் கம்பு கற்கிற நம் சபைச் சகோதரி என்று அவளை எழுந்து நிற்கச் சொன்னார். நான் மாவட்டப் போட்டியில் வெண்கலம் வாங்கிய வருஷம் அதே ஐயர் என்னிடம் படிப்பையும் பார்த்துக்கொள் என்றுதான் சொன்னார்.

இதற்குப் பொறாமை என்று பெயர். வேறு நல்ல பெயர் வைக்க நானும் முயன்று பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. கூடப் படிக்கிறவள்மேல் பொறாமை என்றால் இன்னொருத்தியிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். பெற்ற தாய்மேல் வருகிற பொறாமையை யாரிடம் போய்ச் சொல்வது? அவள் சுட்டுப் போட்ட தோசையைத் தின்றுகொண்டே அவள் மணிக்கட்டைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அவள் இன்னொரு தோசை வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பசி இருந்தது.

இதெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். தீப்பந்தம் வந்ததுதான் பொறுக்க முடியாமல் போய்விட்டது.

குற்றாலத்தில் சாரல் விழா நடக்கும்போது மேடையில் எங்கள் களத்துக்கும் கொஞ்ச நேரம் கொடுப்பார்கள். கடைசி ஐட்டம் தீப்பந்தம். கம்பின் ரெண்டு முனையிலும் துணி சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, கொளுத்திவிட்டுச் சுற்ற வேண்டும். மேடை விளக்குகளை அணைத்துவிடுவார்கள். இருட்டில் ரெண்டு நெருப்பு வட்டம் மட்டும் தெரியும். எட்டாம் வகுப்பில் அதை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்த அன்றைக்கே இது எனக்கு வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். பதினெட்டு வயது ஆகாமல் பந்தத்தைத் தொடக்கூடாது என்பது மாஸ்டரின் கண்டிப்பு. காத்திருந்தேன். இந்தச் சித்திரையில் எனக்குப் பதினெட்டு முடிந்தது. இவ்வளவு நாள் பந்தம் சுற்றிய விஜய்பாண்டி அண்ணன் போலீஸ் செலக்‌ஷனாகிப் பயிற்சிக்குப் போய்விட்டார். இடம் காலி. மேடையில் ஒருத்தருக்குத்தான் நெருப்பு அனுமதி.

மாஸ்டர் ரெண்டு பெயர் சொன்னார். ஒன்று ஜெனி, அதாவது நான். இன்னொன்று யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவளாகவே வேண்டாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. முந்தானை இல்லாததால் கையை டிராக் பேண்டில் துடைத்துக்கொண்டு, சரி மாஸ்டர் என்றாள். அன்றிலிருந்து வீட்டில் அவளோடு நான் சரியாகப் பேசவில்லை. கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அப்பா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவார்.

யாருக்குப் பந்தம் என்பதை மோதித்தான் முடிவு செய்வார்கள். எதிராளியின் கம்பு முனை முதலில் யார் உடம்பில் படுகிறதோ அவருக்குத் தோல்வி. வெளியே போட்டிகளுக்குப் போனால் சுற்றி நடுவர்கள் நிற்பார்கள், விசில் ஊதுவார்கள். எங்கள் களத்தில் அது கிடையாது. பட்டவர்தான் சொல்ல வேண்டும். ‘பட்டுட்டு’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தன் கம்பைத் தரையில் வைத்துவிட வேண்டும். சொன்னால் முடிந்தது. அடித்தவர் பேச்சு எடுபடாது, பார்த்தவர் பேச்சும் எடுபடாது. இந்த வழக்கத்தை நம்பித்தான் நாங்கள் அத்தனை பேரும் அங்கே கம்பு பிடிக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை மோதினோம். குனிந்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு எழுந்தோம். நான் ஆரம்பத்திலிருந்தே வேகம் காட்டினேன். அம்மா நிதானமாகப் பின்வாங்கிப் பின்வாங்கித் தடுத்தாள். ஒரு இடத்தில் அவள் இடுப்புப் பக்கம் திறந்து கிடந்தது. வீசினேன். என் கம்பு அவள் பனியனுக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றை அறுத்துக்கொண்டு போனது. எதிலும் படவில்லை. பட்டால் கையில் தெரியும். அதிர்வு உள்ளங்கைக்கு வரும், கம்பு பிடிக்கிற யாருக்கும் அது தெரியும்.

“பட்டுட்டு” என்றாள் அம்மா. கம்பைக் கீழே வைத்தாள்.

எல்லாரும் கைதட்டினார்கள். கூடப் பயிலும் அதீபா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அவளை விலக்கிவிட்டு, படவில்லை என்று மாஸ்டரிடம் சொன்னேன். ரெண்டாவது தடவை சத்தமாகச் சொன்னேன். மாஸ்டர் என் முகத்தையும் அம்மா முகத்தையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வழக்கத்தை அவர் மீறவில்லை. பட்டவர் சொன்ன பிறகு வேறு பேச்சு இல்லை, பந்தம் ஜெனிக்குத்தான் என்று சொல்லிவிட்டு வகுப்பைக் கலைத்துவிட்டார்.

திரும்பும் வழியில் சாரல் அடித்தது. அருவியில் குளித்துவிட்டு வருகிற கார்களும் வேன்களும் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தன. அம்மா பின்னால் உட்கார்ந்து, அரிசி வாங்க வேண்டும், கேஸ் புக் செய்ய வேண்டும் என்று ஒன்றும் நடக்காதது போலப் பேசிக்கொண்டு வந்தாள். காசிமேசர்புரம் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டினேன்.

“எதுக்கும்மா பொய் சொன்ன?”

“பொறவு என்ன செய்யச் சொல்லுத? வீட்டுக்குள்ள மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியுத. ஒரு வாய் சோறு நிம்மதியா எறங்குதா எனக்கு? ஒரு கம்புக்காவ பெத்த பிள்ளயோட பகைச்சிக்கிட்டுக் கெடக்கச் சொல்லுதியா?”

“ஒனக்கு அந்தப் பந்தம் வேண்டாமா?”

“வேண்டாம்னா நான் எதுக்குட்டி களத்துல நின்னேன்?”

அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். முகத்தில் வழிந்த சாரலைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, இன்னொன்றும் சொன்னாள்.

“உண்மையா ஆடியிருந்தா நீ தோத்துருவட்டி. அதான் விட்டேன்.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகை இல்லை, கோபம். பந்தம் எனக்கு வந்தும், அதை விட்டுக்கொடுத்த பெருமை அவளுக்கே போய்விட்டது. மேடையில் நான் நெருப்பைச் சுற்றும்போது முதல் வரிசையில் உட்கார்ந்து, நான் கொடுத்தது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு கைதட்டுவாள். அவளிடம் தோற்றிருந்தால்கூட என்னால் தாங்கியிருக்க முடியும். இதைத் தாங்க முடியாது.

மறுநாள் வகுப்பு தொடங்கும் முன்பே மாஸ்டரிடம் போனேன். நேற்று ஆடியது செல்லாது என்று நான் சொல்லவில்லை. வழக்கம் வழக்கம்தான். ஆனால் பந்தம் எனக்கு வந்துவிட்டதால், அதைப் பணயமாக வைத்து யாரோடு வேண்டுமானாலும் நான் மோதலாமா என்று கேட்டேன். அது உன் இஷ்டம் என்றார். அம்மா சுவரோரம் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் போய் நின்றேன்.

“இன்னைக்கும் பொய் சொன்னன்னா நான் இந்தக் களத்துக்கே வரமாட்டேன். நேத்து விட்டுக்குடுத்து என்னயத் தோக்கடிச்சது போதும், இன்னைக்கு ஒழுங்கா தோக்கடி.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முதலில் அம்மாவாகத்தான் பார்த்தாள். நான் அசையாமல் நின்றேன். பிறகு எதிராளியாகப் பார்த்தாள். லேஸை இறுக்கிக் கட்டிவிட்டு எழுந்தாள்.

அன்று அவள் பின்வாங்கவில்லை. முந்தின நாள் அவள் எவ்வளவு ஒளித்து வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. என் வேகத்துக்கு அவள் வேகம் குறையவில்லை. கால் அவளுக்கு நிஜமாகவே தானாக வந்தது. நான் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன், எங்கேயும் திறப்பு இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, நானும் நன்றாகத்தான் ஆடினேன். எங்கள் கம்புகள் மோதுகிற சத்தத்துக்குச் சின்னப் பிள்ளைகள் எல்லாம் தங்கள் காலடியை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

கடைசியில் ரெண்டு கம்பும் ஒன்றோடொன்று மோதி வழுக்கின. மோதிய அதே சத்தத்துக்குள் அவள் முனை இறங்கி என் வலது முன்கையில் விழுந்தது. தீப்பட்டது போல வலித்தது. நான் எல்லாருக்கும் முதுகு காட்டி நின்றிருந்தேன். மாஸ்டர்கூட அந்தப் பக்கம்தான் இருந்தார். கம்பு கம்பில் பட்டதாகத்தான் அவர்கள் நினைத்தார்கள். ஆட்டம் தொடரட்டும் என்று காத்திருந்தார்கள்.

நான் சொல்லாவிட்டால் அது நடக்கவே இல்லை. எட்டாம் வகுப்பிலிருந்து நான் ஆசைப்பட்ட பந்தம் என்னிடமே இருக்கும். அடித்தவள் பேச்சு எடுபடாது. அம்மா கம்பை நீட்டியபடி அப்படியே நின்றாள். அவளுக்குத் தெரியும், அவள் உள்ளங்கைக்கு அதிர்வு போயிருக்கும். அவள் எனக்கு ஜாடை காட்டவில்லை, பரவாயில்லை என்று தலையாட்டவும் இல்லை. அவளுக்கும் அது வேண்டும் என்பது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள்மேல் இருந்த பொறாமை எல்லாம் சொல்லாதே என்றது.

“பட்டுட்டு” என்றேன். கம்பைக் கீழே வைத்தேன்.

அம்மா ஒரு கூச்சல் போட்டாள். அப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து நான் கேட்டதே இல்லை. கம்பைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு களத்தைச் சுற்றி ஓடினாள். அதீபாவைக் கட்டிக்கொண்டாள், சின்னப் பிள்ளைகளின் கையில் எல்லாம் அடித்தாள், மாஸ்டரிடம் போய் எண்ணெய் எவ்வளவு ஊற்ற வேண்டும், துணி எத்தனை சுற்று என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். என் கை தடித்துச் சிவந்துகொண்டிருந்தது. வலிக்குதா என்று அவள் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பிறந்ததிலிருந்து எனக்கு அடிபட்டு அவள் அதைக் கேட்காமல் விட்டது அன்றைக்கு மட்டும்தான். கையைத் தடவிக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அவ்வளவு பொறாமையாக இருந்தது.