கண்டி நகரை மூடிவைத்த பிளேன்டீ

“ஒரு பிளேன்டீ குடிக்கிறதுக்காக கண்டி டவுனையே மூட வச்சவன் நான்” என்றார் கறுப்பையா. “ஒரு கட இல்ல, ரெண்டு கட இல்ல. கட்டுகஸ்தோட்டை பாலத்துலேருந்து பேராதனை வரைக்கும் ஈ காக்கா கிடையாது. திருகோணமலை வீதிக்கு நட்டநடுவுல எனக்கு ஒரு கதிரை. முதுகுக்குப் பின்னால துவக்கோட ஆர்மி. தேத்தண்ணி ஊத்திக் குடுத்தது யாருங்கிறீங்க? சார்ஜன்ட்!”

“பொய்” என்றார் ஸெய்னுலாப்தீன் நானா.

பன்னிரண்டு வருஷமாக நானாவின் பதில் இந்த ஒற்றைச் சொல்தான். முன்பெல்லாம் காசுமேசைக்குப் பின்னாலிருந்து சொல்வார். இன்று வாசல் கதிரையிலிருந்து சொன்னார். தேத்தண்ணிக் கடையை நேற்றோடு மகன் ஹபீலிடம் ஒப்படைத்துவிட்டு, வாழ்நாளில் முதல்முறையாகக் குடிக்கிறவர்கள் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தார். உட்காரத் தெரியாமல் கதிரையின் நுனியில் தொற்றிக்கொண்டிருந்தார், யாராவது எழுப்பிவிடுவார்கள் என்பது போல.

பொய் என்று சொல்வதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. முதல் வருஷம் கதையில் சிப்பாய்கள் இரண்டே பேர். மூன்றாம் வருஷம் ஒரு ட்ரக் நிறைய வந்து இறங்கினார்கள். தேர்தல் நடந்த வருஷம் ஒரு டாங்கி சேர்ந்தது. போன தைப்பொங்கலுக்கு ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்து வந்து தேத்தண்ணிக்குச் சீனி போட்டுவிட்டுப் போனது. கறுப்பையாவை அப்படியே விட்டால் அடுத்த பொங்கலுக்குக் கப்பற்படை மகாவலி ஆற்றில் ஏறி வந்துவிடும்.

நடந்தது இதுதான்.

முப்பத்தேழு வருஷம் கறுப்பையா கண்டி முனிசிப்பலில் வீதி கூட்டினார். அவர் கூட்டிய குப்பையை ஒரே இடத்தில் குவித்திருந்தால் ஹந்தானை மலைக்கு ஒரு தம்பி முளைத்திருப்பான். மஹய்யாவ மேட்டு வீட்டிலிருந்து கோழி கூவுமுன் இறங்கினால், கடைகள் திறப்பதற்குள் வேலை முடிய வேண்டும். நானாவின் தேத்தண்ணி பின்கதவு வழியாகத்தான் கைக்கு வரும். நின்றபடி ஊதிக் குடித்துவிட்டு வண்டியைத் தள்ளவேண்டியதுதான். பத்து மணிக்கு அவர் குப்பைமேட்டில் இருப்பார். தான் துடைத்து வைத்த வீதி பத்து மணிக்கு எப்படி இருக்கும் என்பதே அவருக்குத் தெரியாது.

அதனால் அவருக்கு ஓர் ஆசை இருந்தது. ஒன்றே ஒன்று. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, காலை பத்து மணிக்கு, நானாவின் கடை வாசல் கதிரையில் உட்கார வேண்டும். பால் சேர்க்காத ஒரு பிளேன்டீ, முதலை வடிவில் சுட்டுச் சீனி தூவிய ஒரு கிம்புலா பணிஸ். சனங்கள் கடலை தின்ற பேப்பரை வீதியில் எறிந்துவிட்டுப் போவதைக் கால்மேல் கால் போட்டுப் பார்த்து, ‘போடுங்கப்பா, நல்லாப் போடுங்க’ என்று மனதார வாழ்த்த வேண்டும். மகாராஜாக்கள் இதைத்தான் செய்தார்கள் என்பது அவருடைய திடமான அபிப்பிராயம்.

எண்பத்தொன்பதாம் வருஷம் அவருக்கு ஓய்வு கிடைத்தது. முனிசிப்பல் கந்தோருக்குப் போய்க் காக்கி உடுப்பு, விளக்குமாறு எல்லாவற்றையும் ஒப்படைத்தார். வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் மாலை போட்டார். மறுநாள் கறுப்பையா எட்டு மணிவரை தூங்கினார். அந்தத் தூக்கத்தைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துபோனதாகக் கேள்வி.

எழுந்து குளித்து, வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி பாலம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்:

“ரேடியோவுல கர்பியூன்னு சொல்றான்.”

“சொல்லட்டும். கர்பியூ நமக்கா போட்டாங்க?”

“அதானே. வரும்போது கொஞ்சம் மல்லித்தூள் வாங்கிட்டு வாங்க.”

இந்தப் பைத்தியக்காரத்தனம் வேறு எந்த வீட்டிலும் நடந்திருக்காது. மற்ற சனங்களுக்கு ஊரடங்குச் சட்டம் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பது. கூட்டுகிறவர்களுக்கோ அது வேலை சுலபமான நாள். கையில் பாஸ் இருக்கும், குவித்த குப்பையை மிதித்துக் கலைக்க ஒரு கால் இருக்காது. ஊரடங்கு என்ற சொல்லைக் கேட்டு அந்த வீட்டில் முப்பத்தேழு வருஷமாக யாரும் பயந்ததில்லை. பயப்படவேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது.

இறக்கத்தில் கறுப்பையா கையை வீசிக்கொண்டு வந்தார். வெறும் கையை வீசி நடப்பது எவ்வளவு சுகம்! திருகோணமலை வீதிக்குள் நுழைந்தார். ஒரு பஸ் இல்லை. உடவத்தகலைக் காட்டிலிருந்து இறங்கிய குரங்குகள் மின்கம்பிகளில் வரிசையாக உட்கார்ந்து, வீதியைத் தங்கள் பெயரில் எழுதிவாங்கியவை போலப் பார்த்துக்கொண்டிருந்தன. கறுப்பையா நடுரோட்டில் நடந்தார். தம்முடைய செருப்புச் சத்தம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்டு ரசித்தார்.

பாதி வீதியில், பழக்க தோஷம், சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். பாஸ் வைக்கும் பை அது.

தட்டையாக இருந்தது.

பாஸ் காக்கிச் சட்டைப்பையில். காக்கிச் சட்டை கந்தோரில். அடையாள அட்டை வீட்டு அலுமாரியில். முப்பத்தேழு வருஷத்தில் அதை யாரும் கேட்டதே இல்லையே!

ரசித்துக் கேட்ட செருப்புச் சத்தம் இப்போது பின்னால் யாரோ வருவதுபோல் கேட்டது. நின்றார், அதுவும் நின்றது. முழங்கால் இரண்டும் ஒன்றையொன்று தட்டிக்கொண்ட சத்தத்தில் குரங்குகள் எழுந்து ஓடின என்று பின்னாளில் அவர் சொல்வார். அது பொய். ஆனால் முழங்கால் ஆடியது பொய்யில்லை. கிளர்ச்சியும் அடக்குமுறையுமாக இருந்த அந்த வருஷம் விடியற்காலை வீதி கூட்டப் போனவர்கள் ஓரங்களில் எதையெல்லாம் கண்டார்கள் என்பதைக் கறுப்பையா பாலம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அதில் மட்டும் அவர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. சொல்லவே இல்லை.

திரும்பி ஓடலாமா? ஓடுகிறவன் முதுகுக்கு என்ன கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். கால் தூக்கினால் குற்றம், தூக்காவிட்டால் இன்னும் குற்றம்.

“நில்!” என்று சிங்களத்தில் ஒரு குரல்.

நிற்கிறவனைப் போய் நில் என்றால் அவன் என்னதான் செய்வான்? கறுப்பையா இரண்டு கையையும் தூக்கினார். மண்மூட்டைக் காவலரணிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நரைமீசை சார்ஜன்ட். மற்றவன் இளம் சிப்பாய். துவக்கைப் பிடித்திருந்த அவன் விரலும் நடுங்கியதைக் கண்டதும் கறுப்பையாவுக்குப் பயம் இரட்டித்தது. பயந்தவன் கைத் துவக்குக்கு யோசனை இருக்காது.

“பாஸ்?”

“ஒப்படைச்சிட்டேன், சேர்.”

“அடையாள அட்டை?”

“அலுமாரில, சேர்.”

“நீ யார்?”

“கறுப்பையா, சேர். முனிசிப்பல்ல கூட்டுறவன்.”

சார்ஜன்ட் அந்த வெள்ளைச் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். பாலம்மா கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் தேய்த்த சட்டை. அப்படி ஒரு சட்டையோடு உலகத்தில் எவனும் குப்பை கூட்டியதில்லை.

“எங்கே போகிறாய்?”

பொய் சொல்வதில் கண்டி மாவட்டத்திலேயே முதலிடம் பிடிக்கக்கூடிய மனிதருக்கு அந்த நேரம் பார்த்து ஒரு பொய்யும் வரவில்லை. “தேத்தண்ணி குடிக்க” என்றார். பிறகு, அதையும் முழுசாகச் சொல்லிவிடுவோமென்று, “உக்காந்து குடிக்க” என்றார்.

இளம் சிப்பாய் மூச்சை இழுத்தான். “எந்தக் கடையில்?” என்று கேட்டார் சார்ஜன்ட், மிக மெதுவாக. கறுப்பையா தூக்கிய கையாலேயே நானாவின் கடையைக் காட்டினார்.

கைகளைத் தலைமேல் வைக்கச் சொல்லி நானாவின் கடை வாசலுக்கு நடத்திக்கொண்டுபோனார்கள். பலகைக் கதவு சாத்தியிருந்தது. நானா உள்ளேதான் இருக்கிறார் என்பது கறுப்பையாவுக்கு நிச்சயம். புகைபோக்கியில் மெல்லிய புகை. திடீர் ஊரடங்கு போட்டால் கெலிஓயாவில் இருக்கும் வீட்டுக்குப் போகமுடியாமல் நானா கடையிலேயே தங்கிவிடுவார். இருவருக்கும் முப்பத்தேழு வருஷத்துப் பழக்கம். நானாவின் ஒரு சொல் போதும்.

சார்ஜன்ட் துவக்குப் பிடியால் கதவைத் தட்டினார். “வெளியே ஒருவன் நிற்கிறான். கறுப்பையா என்கிறான். தெரியுமா?”

பலகைக்குப் பின்னால் ஒரு சின்ன அசைவு. பிறகு நானாவின் குரல், நானாவின் குரல் மாதிரியே இல்லாமல்:

“தன்னே நே, சேர்.” தெரியாது.

கறுப்பையாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. இதுவரை இருந்தது பயமே இல்லை, அது பயத்தின் சின்னப் பிள்ளை என்று அப்போதுதான் விளங்கியது. கண்ணை மூடினால் பாலம்மா மல்லித்தூளுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். அதனால் மூடாமல் கீழே தரையைப் பார்த்தார்.

தரையைப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

“இங்க கூட்டினது யாரு, சேர்?” என்று அவர் வாய் கேட்டது. அவர் கேட்கவில்லை, வாய்தான் கேட்டது.

“ஏன்?”

“மேட்டப் பாத்துக் கூட்டியிருக்கு. குப்ப பூரா தண்ணி போற காண் வாயில அடைச்சு நிக்கிது. ஒரு மழ பேஞ்சா தண்ணி ஒங்க மண்மூட்டைக்குள்ளதான் வரும்.”

சார்ஜன்ட் இளம் சிப்பாயைத் திரும்பிப் பார்த்தார். நேற்று ராத்திரி மழைக்குக் காவலரணுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றது அவர்தான். இளம் சிப்பாய் காதுவரை சிவந்தான்.

“கூட்டிக் காட்டு.”

மூலையில் கிடந்த ஈர்க்குமாறு கைக்கு வந்தது. மாறு தரையைத் தொட்டதும் பயம் மறந்துபோனது, எப்படியென்று அவருக்கே தெரியாது. இடுப்பு வளைந்தது, மணிக்கட்டு சுழன்றது. நாலே இழுப்பில் காண் வாய் திறந்து, அடைத்து நின்ற தண்ணீர் கடகடவென்று ஓடியது.

சார்ஜன்ட் துவக்கைத் தோளில் மாட்டினார். “எப்போது ஓய்வு பெற்றாய்?”

“நேத்து, சேர்.”

“நேற்று ஓய்வு, இன்றைக்கு வேலை!” என்று அவர் சிரித்த சிரிப்புக்கு மின்கம்பிக் குரங்குகள் திரும்பிப் பார்த்தன. உடனே முகம் பழையபடி இறுகியது. “தனியாகத் திரும்பிப் போகாதே. அந்தப் பக்கம் வேறு ஆட்கள் நிற்கிறார்கள். அவர்கள் கூட்டச் சொல்லிப் பார்க்கமாட்டார்கள். பதினொரு மணிக்கு ஜீப் வரும், அதில் விடுகிறேன். அதுவரை என் கண் எதிரே இரு.”

கடை வாசலில் மறந்து விடப்பட்டிருந்த கதிரையை இளம் சிப்பாய் தூக்கிவந்து வீதி நடுவில் போட்டான். கறுப்பையா உட்கார்ந்தார். சார்ஜன்ட் தம்முடைய பிளாஸ்கிலிருந்து மூடியில் தேத்தண்ணி ஊற்றி நீட்டினார்.

முதல் வாய் பாதி சட்டையில் சிந்தியது. இரண்டாவது வாய்க்கு ருசியே தெரியவில்லை, ஜீப்பில் வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்களோ என்ற பயம்தான் தொண்டையில் இறங்கியது. மூன்றாவது வாயில் இஞ்சி தெரிந்தது. வெயில் முழங்காலில் விழுந்தது. மணிக்கூட்டுக் கோபுரத்தில் சரியாகப் பத்து மணி. பின்னால் துவக்கு, முன்னால் வெறும் வீதி, கையில் சூடாக ஒரு மூடித் தேத்தண்ணி. அட, உட்கார்ந்துதானே குடித்துக்கொண்டிருக்கிறோம் என்று பட்டது. கால்மேல் கால் போடத் தைரியம் வரவில்லை. ஒரு காலை மட்டும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். அதற்கே உடம்பெல்லாம் இனித்தது. அப்போது கடைக் கதவின் பலகை இடுக்கில் ஒரு கண் மின்னி மறைந்ததைப் பார்த்தார். பார்க்காதவர் போல் அடுத்த வாய் குடித்தார்.

பதினொன்றேகாலுக்கு ஜீப் அவரை மஹய்யாவவில் இறக்கிவிட்டது. “மல்லித்தூள் எங்க?” என்று கேட்டாள் பாலம்மா.

அன்றிலிருந்து இந்தக் கதையில் டாங்கி வந்தது, ஹெலிகொப்டர் வந்தது. கதவைத் தட்டிய கதை மட்டும் ஒரு தடவைகூட வரவில்லை.

இப்போது மகன் ஹபீல் காசுமேசையிலிருந்து எட்டிப் பார்த்தான். புது முதலாளி, எதையும் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற வயது தாண்டாத நாற்பது.

“வாப்பா, அந்த நாள் நீங்க கடைலதானே தங்கி ஈந்தீங்க? உம்மா செல்லியிருக்கா. இவ்வளவு ஆர்மி வந்தா ஒங்களுக்குத் தெரியாமலா ஈக்கும்?”

நானா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“இல்ல தம்பி” என்று கறுப்பையா அவசரமாகக் குறுக்கே விழுந்தார். “அன்னைக்கு ஒங்க வாப்பா கடையிலேயே இல்ல. கெலிஓயாவுக்குப் போயிட்டாரு. கட பூட்டிக் கெடந்துச்சு. எனக்கு நல்லாத் தெரியும்.”

“பொய்” என்றார் நானா.

இருவரும் அவரைப் பார்த்தார்கள். கதிரையின் நுனியில் இருந்தவர் மெதுவாகப் பின்னால் நகர்ந்து முழுசாக உட்கார்ந்தார். கைப்பிடியைத் தடவினார்.

“ஹெலிகொப்டர் பொய். டாங்கி பொய். ரெண்டே ரெண்டு பேர்தான் வந்தாங்க. ஒத்தர் வயசாளி, மத்தவன் சின்னவன். இதே கதிரைதான். மூணாவது வாய்க்கு இவர் வலது காலை இப்படி நீட்டினார்” என்று தாமும் காலை நீட்டிக் காட்டினார். பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார்: “நடந்தது, மகன். கதவுக்கு அங்கால நிண்டு தெரியாதுன்டு செல்லிட்டு, இடுக்கால பாத்துக்கொண்டு ஈந்தது நான்தான்.”