சிலுவை தாங்கும் எடை

பங்குப் பேரவைத் துணைத்தலைவர் யூஜின் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பெரிய வெள்ளிக்கிழமை நாடகத்தில் இயேசுவாகச் சிலுவையில் தொங்கி வந்தார். அந்த வேடத்துக்கு ஊரில் வேறு ஆளில்லை என்பது அவருடைய கருத்து. போன வருடம், இயேசு சிலுவையில் சொல்லும் ஏழு வசனங்களில் ஆறாவதன் நடுவே, சிலுவையின் குறுக்குச் சட்டம் ‘மடக்’ என்றது. ஏழாவது வசனத்தைத் தரையில் நின்றுகொண்டுதான் சொன்னார்.

“புதுச் சட்டம் போட்டுத் தரேன். ஆனா எண்பது கிலோவுக்கு மேல ஏத்தாதீங்க,” என்று தச்சர் நடேசன் சொல்லிவிட்டார். யூஜின் எண்பத்தாறு.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பூசை முடிந்ததும், நெற்றிச் சாம்பல் காய்வதற்குள், அந்த நாற்பது நாளிலேயே ஆறு கிலோ இறக்கிக் காட்டுவதாக மைக்கில் அறிவித்தார். மைக்கை யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் முதல் சோறு இல்லை, கறி இல்லை. புது ஷூ மாட்டிக்கொண்டு விடிகாலையில் பக்கத்து ஊரான உறுவையாறு வரை போய்த் திரும்பினார். ஞாயிறுதோறும் நெல் வியாபாரி தணிகைவேலின் எடைமேடையில், நாலு பேர் பார்க்க, ஏறி நின்றார்.

முதல் ஞாயிறு எண்பத்தாறரை. மூன்றாவது ஞாயிறு எண்பத்தெட்டு.

“உன் மெஷினு கோளாறுபா,” என்றார் யூஜின்.

தணிகைவேல் ஒரு யூரியா மூட்டையைத் தூக்கி மேடையில் வைத்தார். மூட்டையில் அச்சடித்திருந்தபடியே நாற்பத்தைந்து காட்டியது.

“மூட்டை கரெக்டா கீதே தலைவரே. இன்னா துன்றீங்க நீங்க?”

“ஒண்ணும் இல்ல! காலைல கஞ்சி. மத்தியானம் வெள்ளரிக்கா. அவ்ளோதான்!”

“சாய்ந்தரம்?”

“சாய்ந்தரம் ஜெபம்,” என்றார் யூஜின் மிடுக்காக.

கூட வந்திருந்த மனைவி பாத்திமா மேரிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“ஜெபம் முடிஞ்சி? அதையும் சொல்றது. தையலம்மா வூட்ல கேழ்வரகு அடை எத்தினி?”

“அது தானியம்டி.”

“மேல ஊத்துன நெய்யி? லில்லி வூட்டு சுண்டல், போண்டா? நேத்து அன்னாமேரி வூட்ல பால் பாயசம் ரெண்டு டம்ளரு?”

தவக்காலத்தில் தினம் ஒரு வீட்டில் ஜெபம் நடக்கும். முடிந்ததும் வீட்டுக்காரர்கள் தட்டு நீட்டுவார்கள். முதல் தட்டைத் துணைத்தலைவர் வாங்கி ஒரு வாய் கடித்தால்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள். கறி கலக்காத எதுவும் ஒறுத்தல் நோன்பில் சேர்த்தி என்று யூஜின் மனமார நம்பினார்.

“நான் தொடலன்னா முப்பது பேரு பட்டினியா போவாங்கடி. ஊருக்காகத் துன்றேன்!” என்று கத்தினார். குரலில் நிஜமாகவே அழுகை இருந்தது. விடியலில் எட்டு கிலோமீட்டர் நடந்த கால் அது. குதிகாலில் கொப்புளம் வேறு.

பக்தியோடு இன்னும் மூன்று வாரம் நடந்தார். பக்தியோடு முதல் தட்டையும் வாங்கினார். பெரிய வெள்ளிக்கு முந்தைய குருத்து ஞாயிறன்று எடைமேடை தொண்ணூறு காட்டியது. அந்த முறை யாரும் யூரியா மூட்டையைத் தேடவில்லை.

அன்று சாயங்காலம் ஒத்திகையில், நாடகத்தை நடத்தும் டேவிட் ராஜ் தலையைச் சொறிந்தான்.

“அங்கிள், நீங்க இயேசுவுக்குத் தீர்ப்பு சொல்ற பிலாத்து பண்ணுங்க. ராஜா மாதிரி வேஷம். சேர்ல உக்காந்துனே இருக்கலாம்.”

“எந்த சேரு?”

“இரும்பு சேரு அங்கிள்.”

இந்த முறை இயேசுவாக விஜயராஜ் என்ற இளைஞன். ஐம்பத்திரண்டு கிலோ. ஒல்லி விலா எலும்பு தெரிய வந்து நின்றவன், கையிலிருந்த முட்டை பரோட்டாவின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டான். தவக்காலத்தில் அவன் எதையும் விட்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. நடந்ததாகவும் இல்லை, ஒத்திகைக்கே பைக்கில்தான் வந்தான்.

“இவர்கிட்ட ஒரு தப்பும் இல்லன்னு மூணு தரம் சொல்லணும் அங்கிள். அதான் உங்க டயலாக்கு,” என்றான் டேவிட் ராஜ்.

யூஜின் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து விஜயராஜை மேலும் கீழும் பார்த்தார். அவன் விரலை நக்கிக்கொண்டிருந்தான்.

“ரெண்டு தரம் சொன்னா பத்தாதாடா?” என்றார்.